முப்பத்தாறாவது கட்டம்

லைனிங் துணியின் ஓரத்தில் கத்தரி நுனியை விட்டு முதல் தையலை வெட்டியபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இருபத்திரண்டு வருடமாகப் பழைய துணிகளைப் பிரித்துப் பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான். செத்துப்போனவர்களின் சட்டை, செத்துப்போனவர்களின் தலையணை உறை, யாரோ ஒருத்தி எந்தக் காலத்திலோ தன் கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்ட பாவாடை என்று எல்லாவற்றையும் இதே மேஜையில் இதே வெள்ளை விளக்கின் கீழே விரித்து, பின்பக்கத்தைப் பார்த்துக் குறிப்பு எழுதியிருக்கிறேன். இதுவும் அந்த வரிசையில் ஒன்று என்று கையிடம் சொல்லியிருந்தேன், கையும் நம்பிவிட்டது. துணியின் எண் அறுபத்தொன்று. தைத்தவள் என் அக்கா. அவள் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

எங்கள் அருங்காட்சியகத்தில் அடுத்த மாதம் பெரிய கண்காட்சி. உலகம் முழுக்க மனிதர்கள் ஊசியையும் நூலையும் வைத்துக்கொண்டு என்னென்ன செய்தார்கள் என்று எட்டுக் கூடங்களில் காட்டப்போகிறோம். ஒன்பதாவது கூடம் பொதுமக்களுக்கு. வீட்டில் யாராவது தைத்த துணி இருந்தால் அனுப்புங்கள், நல்லதைத் தேர்ந்தெடுத்து மாட்டுவோம் என்று அறிவித்திருந்தோம். அறிவித்த பாவத்துக்கு மூட்டை மூட்டையாக வந்து குவிந்தது. கிளி, மயில், ரோஜா, கண் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக ஒரு நாய்க்குட்டி. அந்தக் குவியலில்தான் மாமா அனுப்பிய பார்சலும் இருந்தது. மாமா என்றால் அக்காவின் கணவர். லிஃப்ட் மெக்கானிக். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், எல்லாரையும் போலப் படிவத்தை நிரப்பித் தபாலில் அனுப்பியிருந்தார். லிஃப்ட் பராமரிப்பு நோட்டில் எழுதுகிற அதே சதுரமான கையெழுத்து. 'செய்தவர் பெயர்' என்ற இடத்தில் 'என் மனைவி' என்று எழுதியிருந்தார்.

"பேரை எழுத மறந்துட்டார் பாவம்" என்றார் எங்கள் பிரிவின் தலைவி. அவரை நாங்கள் மேடம் என்போம். "வேலை பிரமாதமா இருக்கு. நீயே பார்த்து ரிப்போர்ட் எழுதிடு."

சொந்தக்காரர்களின் துணியை நாம் பார்க்கக்கூடாது, வேறு ஆளிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. சரி மேடம் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

லைனிங் வைத்துத் தைத்த துணி வந்தால் அதைக் கொஞ்சம் பிரித்து உள்ளே பார்த்தே ஆகவேண்டும். பூச்சி இருக்கலாம், பூஞ்சை இருக்கலாம். ஒன்று உள்ளே வந்தால் மொத்தக் கிடங்கும் போயிற்று. அதற்கு ஒரு பக்கம் பிரித்தால் போதும். நான் மூன்று பக்கம் பிரித்தேன். ஏனென்றால் எனக்குத் தேவைப்பட்டது பூச்சி அல்ல. அக்கா தன் வாழ்நாளில் எதற்கும் லைனிங் வைத்தவள் இல்லை. பின்பக்கத்தை மறைக்கிறவள் எதையோ திருடியிருக்கிறாள் என்பாள். அப்படிப்பட்டவள் கடைசித் துணிக்கு மட்டும் முரட்டுச் சாம்பல் துணியில் லைனிங் வைத்து நாலு பக்கமும் இறுக்கித் தைத்திருந்தாள். யாரிடமிருந்து மறைத்தாள் என்று எனக்குத் தெரியும். ஏன் என்பதுதான் தெரிய வேண்டியிருந்தது. அக்கா என் மேல் கோபத்தோடு செத்தாளா? எட்டு மாதமாக அந்த ஒரு கேள்வியோடுதான் எழுந்திருக்கிறேன், பல் தேய்க்கிறேன், பஸ் ஏறுகிறேன்.

அக்கா ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேஜையில் வேலை பார்த்தாள். கன்னம் வீங்கியவர்களை வரிசையாக உட்கார வைத்துவிட்டு, நடுவில் கிடைக்கிற நேரத்தில் மடியில் துணியைப் போட்டுத் தைப்பாள். பல் பிடுங்க வந்தவர்கள் அவள் ஊசி போய் வருவதைப் பார்த்துக்கொண்டே பயத்தை மறந்துவிடுவார்கள் என்று டாக்டர் அவளுக்குச் சலுகை கொடுத்திருந்தார். என்னைவிட ஆறு வயது பெரியவள். எனக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்தது அவள்தான். சின்ன வயதில் எதைக் கொடுத்தாலும் முதலில் திருப்பிப் பின்பக்கம் பார்ப்பேனாம். தட்டில் சோறு போட்டாலும் தட்டைத் திருப்பிப் பார்த்துவிடுவாள், ஜாக்கிரதை என்பாள்.

அந்தப் புத்திதான் பிற்பாடு எனக்குச் சோறு போட்டது. துணியின் முன்பக்கம் எல்லாருக்கும் காட்டுவதற்காகச் செய்தது. பின்பக்கத்தில்தான் நூல் எங்கே தீர்ந்தது, எங்கே அவசரப்பட்டாள், எதைப் பிரித்துவிட்டு மறுபடி போட்டாள், எந்த இடத்தில் வேறு ஒருத்தி வந்து உட்கார்ந்தாள் என்பதெல்லாம் இருக்கும். ஒரு பழைய கழுத்துப்பட்டையின் பின்பக்கத்தை வைத்தே, அதைத் தைத்தவளுக்குப் பாதியில் பார்வை மங்கத் தொடங்கியிருக்கிறது என்று கட்டுரை எழுதியவள் நான். பாராட்டி வந்த கடிதத்தை மேடம் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். முகம் தெரியாத ஒருத்தியின் கண்ணைப் பற்றி எனக்கு அவ்வளவு அக்கறை.

ஐந்து வருடத்துக்கு முன் இந்தக் கண்காட்சி வேலை தொடங்கியபோது, ஒவ்வொரு துணிக்கும் நான் எழுதும் குறிப்பை முதலில் அக்காவுக்குத்தான் அனுப்புவேன், படத்தோடு. மேடம் கேட்காத கேள்வியெல்லாம் அவள் கேட்பாள். வங்காளத்துப் பெண்கள் கிழிந்த புடவைகளை அடுக்கி, அந்தப் புடவைக் கரையிலிருந்தே நூலை உருவி, போர்வை தைத்தார்கள் என்று எழுதினால், "கரையை உருவினா புடவையே பிரிஞ்சு போயிருக்குமே, அதை யாரும் கேக்கலையா?" என்பாள். பஞ்சாபில் பின்பக்கத்தில் இழையை எண்ணி எண்ணித் தைப்பார்கள், முன்பக்கம் எப்படி வந்திருக்கிறது என்று திருப்பினால்தான் தெரியும் என்று எழுதியபோது, "உனக்கு ஏத்த ஊரு, அங்க போய்ப் பொறந்திருக்கலாம்" என்றாள். ஒரு தடவை, எட்டுக் கூடத்துக் குறிப்பையும் படித்துவிட்டு, "எல்லாம் சரி, இவங்கல்லாம் சமையலை எப்போடி முடிச்சாங்க?" என்று கேட்டாள்.

குறிப்பைப் படித்ததோடு நிற்கவில்லை, தைத்தும் பார்த்திருக்கிறாள். அதுதான் எண் அறுபத்தொன்று. வரிசைக்கு ஆறாக ஆறு வரிசை, உள்ளங்கை அகலத்தில் முப்பத்தாறு கட்டங்கள். நான் அனுப்பிய ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கட்டம். ஐரோப்பாவில் முன்பு சின்னப் பெண்களைத் தையல் பழக உட்கார வைத்து, துணியின் அடியில் பெயரையும் வயதையும் தைக்கச் சொல்வார்கள். அதையும் எழுதியிருந்தேன் போலிருக்கிறது. அக்கா ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் கடுகு அளவு எழுத்தில் மாதத்தையும் வருடத்தையும் தைத்து வைத்திருந்தாள். எனக்கு வேலையை மிச்சம் பண்ணிக் கொடுத்த மாதிரி.

முதல் பத்துக் கட்டங்களின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு விளக்கை அணைத்துக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு சுத்தம். வெள்ளைத் துணியில் கறுப்பு நூலால் இரண்டு பக்கமும் ஒன்றேபோல் வரும்படி போடுகிற பழைய இங்கிலாந்துத் தையல் ஒன்று உண்டு. சட்டைக் கைகளின் ஓரத்துக்கு, மடித்தால் உள்பக்கமும் தெரியும் என்பதால் அப்படிப் போடுவார்கள். அந்தக் கட்டத்தில் எது முன், எது பின் என்று தேதியை வைத்துத்தான் சொல்ல முடிந்தது.

பதினோராவது கட்டத்தில் ஆரம்பித்தது. ஜப்பானியத் தையல், கருநீலத்தில் வெள்ளை நூல், நைந்த துணிக்குப் பலம் கொடுக்கப் போடுகிற ஓட்டத் தையல். உலகத்திலேயே சுலபமான தையல் அதுதான், குழந்தைகூடப் போடும். அதில் நூல் ஒரு இடத்தில் தொளதொளவென்றும் இன்னொரு இடத்தில் துணியைச் சுருக்கிப் பிடித்தும் கிடந்தது. தேதியைப் பார்த்தேன். நாலு வருடத்துக்கு முன். அதே மாதத்தில்தான் எனக்கு அந்தக் குஷன் உறை வந்தது.

நான் புது வீட்டுக்குக் குடிவந்ததற்காக அக்கா அனுப்பியது. பாலஸ்தீனத்துப் பெண்கள் அங்கியின் மார்புப் பகுதியில் போடுகிற சிவப்புக் கிராஸ் தையலைப் பார்த்துச் செய்திருந்தாள். அந்தத் தையலைப் பார்த்தே உடுத்தியிருப்பவள் எந்தக் கிராமத்துக்காரி என்று சொல்லிவிடுவார்கள் என்று நான் எழுதி அனுப்பிய குறிப்பு அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. உறையைப் பிரித்தேன். திருப்பினேன். பின்பக்கம் முழுக்க முடிச்சும் சிக்கலும். உடனே போன் போட்டேன்.

"என்னக்கா இது, பின்னாடி ஒரே குப்பையா இருக்கு? டிவி பார்த்துக்கிட்டே போட்டியா?"

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"என்னடி, நல்லாப் பார்த்தியா?" என்றாள்.

"நல்லாப் பார்த்துட்டுத்தான் சொல்றேன். சோம்பேறித்தனம். உனக்கு வயசாகலை, கொழுப்பாயிடுச்சு."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு அக்காவிடமிருந்து எனக்கு ஒரு கைக்குட்டைகூட வரவில்லை. போனில் பேசினால் பல் டாக்டரைப் பற்றிப் பேசுவாள், மாமாவின் முட்டிவலியைப் பற்றிப் பேசுவாள், தையல் பக்கமே போகமாட்டாள். நான் அனுப்பும் குறிப்புகளுக்கு 'படிச்சேன்' என்று ஒரு வார்த்தை வரும். கோபித்துக்கொண்டாள் என்று புரிந்துகொண்டேன். ஒரு உண்மையைச் சொன்னதற்கு இவ்வளவு வீம்பா என்று எனக்கும் வீம்பு வந்தது. அக்கா வீடு ரயிலில் ஐந்து மணி நேரத் தூரம். போகவில்லை. இந்த மாதம் வேலை, அடுத்த மாதம் சளி, அதற்கடுத்த மாதம் அவளே வரட்டுமே. இப்படியே இரண்டு வருடத்துக்குப் பக்கமாக ஓட்டிவிட்டேன். ஒருநாள் மாமா போன் செய்து, அக்காவுக்குப் பேச்சுக் குழறுகிறது, பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம், நரம்பு வியாதியாம், விரலில் தொடங்கி மேலே ஏறுமாம் என்றார். என்ன மருந்து என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

அதன் பிறகு எத்தனையோ முறை போனேன். ஆனால் அவளிடம் கேட்க வேண்டியதைக் கேட்க முடியவில்லை. பேச்சு குழறிக்கொண்டே வந்து, பிறகு நின்றேவிட்டது. நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொள்வேன். அவள் என்னைப் பார்ப்பாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா என்று என்னால் படிக்க முடியவில்லை. துணியாக இருந்திருந்தால் படித்திருப்பேன்.

இப்போது துணிதான் கையில் இருந்தது. பதினொன்றிலிருந்து முப்பத்து மூன்று வரைக்கும் ஒவ்வொரு கட்டத்தின் பின்னாலும் சல்லடை மாதிரி ஊசித் துளைகள். போட்டிருக்கிறாள், பிரித்திருக்கிறாள், மறுபடி போட்டிருக்கிறாள். ஒரே பூவின் இதழை ஏழு முறை பிரித்துப் போட்டதற்கு அடையாளம் இருந்தது. முன்பக்கம் ஒழுங்காக வரும்வரை விடவில்லை. நான் குப்பை என்று சொன்னதற்கு இதுதான் அவள் கொடுத்த பதில் என்று பட்டது. இவ்வளவு கோபம் இருந்தால்தான் ஒருத்தியால் ஒரு இதழை ஏழு முறை பிரிக்க முடியும். கடைசி மூன்று கட்டங்களில் கை முழுதாகப் போய்விட்டிருந்தது. முப்பத்தாறாவது கட்டத்தைப் பார்க்கவே முடியவில்லை. மத்திய ஆசியாவில் பெண் வீட்டார் கல்யாணத்துக்குத் தைக்கிற சுவர்த்துணியிலிருந்து எடுத்த பெரிய சிவப்புப் பூ. நூல் பல இடத்தில் நசுங்கிப் பிசிறடித்திருந்தது. தையல்கள் கோணல்மாணலாக ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. பூவில் கடைசி இதழ் வரைந்தபடியே இருந்தது, அதில் ஊசி படவே இல்லை.

ரிப்போர்ட் எழுதினேன். எண் 61. கட்டம் 11 முதல் நூலின் இழுவை சீராக இல்லை. பலமுறை பிரித்துத் தைத்த தடயங்கள். கட்டம் 36: தைத்தவரின் கைக்கட்டுப்பாடு முழுமையாக இழந்த நிலை. நூல் நசுங்கியுள்ளது. வேலை முடிக்கப்படாமல் நின்றுவிட்டது. பூச்சி, பூஞ்சை இல்லை.

துணியை அனுப்பியவர் நேரில் வந்து ரிப்போர்ட்டைப் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். மாமா மறுநாள் பிற்பகலில் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, பையில் தண்ணீர் பாட்டில். வாசலில் காவலாளி கொடுத்த வருகையாளர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, லிஃப்டில் வந்ததும் முதல் வேலையாக, "மூணாவது மாடியில கதவு லேசா இடிக்குது, ஆளைக் கூப்பிட்டுக் காட்டச் சொல்லு" என்றார். பிறகு மேஜையில் கவிழ்த்துப் போட்டிருந்த துணியைப் பார்த்தார். லைனிங் ஒரு பக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டு, மற்ற மூன்று பக்கமும் திறந்து கிடந்தது. அவர் முகம் மாறிவிட்டது.

"இதைப் பிரிப்பீங்களா?"

"பிரிக்கணும் மாமா. ரூல்ஸ்."

"எனக்குத் தெரியாதும்மா. முன்பக்கத்தைத்தான் பார்ப்பீங்கன்னு நினைச்சேன். சுவத்துல மாட்டினா முன்பக்கம்தானே தெரியும். நீ பார்த்துச் சந்தோஷப்படுவேன்னுதான் உன்கிட்டகூடச் சொல்லாம அனுப்பினேன்." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பாட்டிலைத் திறந்தார், குடிக்காமல் மூடினார்.

ரிப்போர்ட்டை நீட்டினேன். விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். முப்பத்தாறாவது கட்டம் பற்றிய இடம் வந்ததும் விரல் நின்றது. அவர் சிரிக்கிறார் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. கண்ணில் தண்ணீரோடு சிரித்தார்.

"கைக்கட்டுப்பாடு இழந்த நிலை. அது அவ இல்லம்மா, நான்."

"நீங்களா?"

"கடைசி மூணும் நான்தான். அவளுக்கு முடியலை, ஆனா முடிச்சே ஆகணும்னா. முதல் ரெண்டுக்கும் வாயால சொன்னா. மேல, கொஞ்சம் இடது, அங்க குத்துன்னு. ஒவ்வொரு வார்த்தைக்கும் அஞ்சு நிமிஷம் ஆகும். கடைசிக் கட்டத்துக்குப் பேச்சும் இல்லை. சரின்னா கண்ணை மூடுவா. தப்புன்னா முறைப்பா. முறைக்கிறதுல மட்டும் ஒரு குறைச்சலும் இல்லை." கைகளைத் திருப்பிக் காட்டினார். கிரீஸ் ஏறிக் கறுத்த விரல்கள், ஒவ்வொன்றும் என் விரல் இரண்டு கனம். "இந்த விரல்ல ஊசி நிக்குமா? நோஸ் பிளையர் குறடாலதான் பிடிச்சு இழுத்தேன். நூலையும் சேர்த்துக் கடிச்சிடுச்சு."

"அந்தக் கடைசி இதழ்?"

"அதை அப்படியே விடச் சொன்னதும் அவதான். அந்த ஊர்ல சில பேர் ஒரு மூலையை வேணும்னே முடிக்காம விட்டுடுவாங்கன்னு நீதான் எழுதி அனுப்பியிருந்தியாமே. உன் காகிதத்தைப் பக்கத்துலயே வச்சிருந்தா."

நான்தான் எழுதியிருந்தேன். மூன்றாம் கூடத்துக் குறிப்பு, இரண்டாவது பத்தி.

எனக்கு வேறொன்று கேட்க வேண்டியிருந்தது. எத்தனை நேரம் துணியையே பார்த்துக்கொண்டிருக்க முடியும்?

"லைனிங்கை எதுக்கு வச்சா மாமா? நான் பார்க்கக்கூடாதுன்னுதானே?"

அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

"என் மேல அவ்வளவு கோபமா?"

"கோபமா? அவளுக்கா?" உண்மையிலேயே திகைத்துப்போய்ப் பார்த்தார். நான் அந்தக் குஷன் உறையைப் பற்றிச் சொன்னேன். குப்பை என்று சொன்னதை, டிவி பற்றிக் கேட்டதை, சோம்பேறித்தனம் என்றதை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். நாலு வருடமாக யாரிடமும் சொல்லாதது. சொல்லி முடித்ததும் அவர் எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். எனக்கு மிச்சம் இருக்கிற உறவு அவர் ஒருவர்தான்.

அவர் எழுந்திருக்கவில்லை. என்னைத் தேற்றுகிற அவசரத்தில் முன்னால் சாய்ந்தார்.

"அட, அதுவா? அதுக்குப் போயா இத்தனை நாளா இப்படி இருக்கே? அது எனக்கு அன்னைக்கே தெரியும்மா. அவ கோபப்படவே இல்லை. அப்படிச் சந்தோஷப்பட்டா அன்னைக்கு. அந்த உறையைப் போடும்போதே விரல் சொன்ன பேச்சைக் கேக்கலைன்னு பயந்துகிட்டு இருந்தா. டாக்டர்கிட்டப் போலாம்னா வேண்டாம்னுட்டா. தங்கச்சிக்கு அனுப்புறேன், அவ கண்ணு, டாக்டரோட கண்ணை விட நல்ல கண்ணு, ஏதாவது இருந்தா பின்பக்கத்தைப் பார்த்ததுமே சொல்லிடுவான்னா. நீ போன் பண்ணி சோம்பேறித்தனம்னு சொன்னதும் அவளுக்குப் போன உயிர் வந்துடுச்சு. பூதக்கண்ணாடியே சொல்லிட்டா, ஒண்ணும் இல்லை, எல்லாம் என் கொழுப்புதான்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. இனிமே ஒழுங்காப் போட்டுத்தான் உனக்கு அனுப்பணும்னு, போட்டதையே பிரிச்சுப் பிரிச்சு... ஒண்ணரை வருஷம் டாக்டர் பேச்சையே எடுக்கலை..."

அங்கே நிறுத்தினார். தான் என்ன சொல்லிக்கொண்டு வந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. எனக்கு அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே தெரிந்துவிட்டது. 'என்னடி, நல்லாப் பார்த்தியா?' என்று அவள் கேட்டது காதில் வந்து நின்றது. அதைக் கேட்பதற்காகத்தான் அந்த உறையையே அனுப்பியிருக்கிறாள். நல்லாப் பார்த்துட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஊரில் உள்ள கண்ணையெல்லாம் படித்துவிட்டு, எனக்கென்று வந்த ஒரு கையைப் படிக்கவில்லை.

வெளியே தாழ்வாரத்தில் யாரோ தள்ளுவண்டியில் கண்ணாடிப் பெட்டிகளைக் கொண்டுபோனார்கள். சக்கரம் கிறீச்சிட்டு, திரும்பி, தேய்ந்து போயிற்று.

"டாக்டரை நான் தனியாக் கேட்டேன்" என்றார் மாமா, குரலைத் தாழ்த்தி. "முன்னாடியே வந்திருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுன்னுட்டார். இந்த வியாதிக்கு அப்படித்தானாம். சத்தியமாச் சொன்னார்."

"அந்த ஒண்ணரை வருஷம் நான் கூட இருந்திருப்பேனே மாமா."

அவர் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"வியாதி என்னன்னு தெரிஞ்சப்புறம் முதல்ல அவளுக்கு உன் நினைப்புதான் வந்துச்சு" என்றார் பிறகு. "இந்தத் துணி தங்கச்சிக்குத்தான், ஆனா பின்பக்கம் அவ கண்ணுல படக்கூடாது, தேதியைப் பார்ப்பா, அந்த உறையை நினைப்பா, தன்னையே தின்னுக்குவான்னா. தேதியெல்லாம் பிரிச்சிடட்டுமான்னு கேட்டேன். வேண்டாம், அது அழகா வந்திருக்கு, பின்னாடி மட்டும் மூடிடுன்னா. பேச்சு இருந்தப்போ ஒழுங்கா முழுசாச் சொன்னது அதுதான் கடைசி. அதான் நான் முரட்டுத் துணியா வாங்கி அதே குறடால நாலு பக்கமும் இறுக்கிப் போட்டேன். உன் கத்தரிக்குத் தாங்கலை."

நான் அழுதேன். மேஜையில் துணி இருக்கும்போது அழக்கூடாது, உப்புத் தண்ணீர் பட்டால் சாயம் போகும் என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லித் தருகிறவள் நான். நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு, துணிக்கு எட்டாத தூரத்தில் குனிந்து அழுதேன். மாமா எழுந்து வந்து என் தலையில் கையை வைத்தார். அந்தக் கை கனமாக இருந்தது. எடுக்கவும் தெரியாமல் அழுத்தவும் தெரியாமல் அப்படியே வைத்திருந்தார்.

"மூடிடலாமா?" என்றார் கொஞ்ச நேரம் கழித்து.

மூடுவதற்கும் எங்களிடம் ஒரு முறை உண்டு. துணியில் புதிதாக ஒரு துளைகூடப் போடக்கூடாது. முதலில் தைத்தவர் போட்ட துளைகளிலேயே ஊசியை விட்டுத் தைக்க வேண்டும். வளைந்த ஊசியை எடுத்தேன், சாம்பல் நூலை வெட்டினேன், ஒரே தடவையில் கோர்த்தேன். கை அதைத் தானாகச் செய்தது. லைனிங்கை இழுத்து மேலே போர்த்தினேன். பதினோராவது கட்டம் மறைந்தது. துளைகளெல்லாம் மறைந்தன. மாமா எதிரில் வந்து நின்று, மூலை நழுவாமல் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். குனிந்து பார்த்தேன். கண்ணில் நீர் கட்டி, துணியும் விளக்கும் அவர் விரலும் ஒன்றாகக் கலங்கித் தெரிந்தன. துடைத்தால் மறுபடி கட்டியது. ஊசி துணிக்கு மேலே நின்றது. எங்கே இறக்குவது என்று தெரியவில்லை.

"கொஞ்சம் மேல" என்றார் மாமா. "இன்னும் கொஞ்சம். இப்போ இடது பக்கம். இன்னும் ஒரு நூல். அங்க, அங்கதான் குத்து."

குறடு பிடித்து இழுத்து அகலமாகிப்போன அந்தத் துளையில், ஊசி எங்கேயும் தடுக்காமல் இறங்கியது.